பானை கீறுது, வெடிக்குது, கிளேஸ் உருளுது: கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கற வழி

சூளையைத் திறந்ததும் கீறின சாமானைப் பாத்தா எல்லாரும் முதல்ல சூளையைத்தான் திட்டறாங்க. டெம்பரேச்சர் சரியில்ல, கரண்ட் சரியில்ல, வித்தவன் ஏமாத்திட்டான்னு. நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல கோளாறு சூளைக்குள்ள போறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும், நெருப்பு அதை வெளிய காட்டிக் குடுக்குது அவ்வளவுதான். அதுலயும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு கேரளா பார்டர்ல ஸ்டுடியோ வெச்சிருக்கவங்களுக்கு காத்தும் தண்ணியும் தனியா ஒரு வேலை காட்டும், வெளியூர்ல எழுதின குறிப்பை அப்படியே பாத்து செஞ்சா அது தெரியாது.

இது வீல்ல வனையறவங்க, கையால தகடு தட்டி செய்யறவங்க, கரண்ட் கில்ன்லயோ கேஸ் கில்ன்லயோ (கில்ன்னா சூளைதான்) ரெண்டு தடவை சுடறவங்களுக்கு. முதல் சூடு பிஸ்க், 950ல இருந்து 1000 டிகிரி வரைக்கும். ரெண்டாவது கிளேஸ் சூடு, கிளேஸ்னா மேல பூசி கண்ணாடியா உருக வைக்கற பூச்சு. கோன்ங்கறது குறிச்ச சூட்டுல வளையற சின்னக் கூம்பு, அதோட நம்பரை வெச்சுத்தான் சூட்டைச் சொல்லுவாங்க, கோன் 6ன்னா 1220 டிகிரி பக்கம், கோன் 10ன்னா 1280க்கு மேல.

உடைஞ்சதை தூக்கி வீசறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. கீறலோட ஓரத்துல நகத்தை வெச்சு மெதுவா ஓட்டிப் பாருங்க. கிளேஸ் ஓரம் மழுங்கி, உருண்டு, வழவழன்னு இருந்தா கிளேஸ் உருகறதுக்கு முன்னாடியே அந்தக் கீறல் இருந்திருக்கு, அதாவது காயறப்பவோ பிஸ்க்லயோ வந்தது. ஓரம் பிளேடு கணக்கா கையை அறுத்தா கிளேஸ் உருகி இறுகினதுக்கு அப்புறம் உடைஞ்சிருக்கு, அப்ப ஆறறப்ப வந்த கோளாறு. இந்த ஒரு சோதனையிலயே பாதி கேஸ் முடிஞ்சிரும்.

அடியில நடுவுல எஸ் எழுத்து கணக்கா கீறல்

வீல்ல வனைஞ்ச கிண்ணம், கப்புல மட்டும்தான் இது இப்படி வளைஞ்சு வரும். சுவரை மேல இழுக்கறப்ப மண்ணு நல்லா அமுங்கி இறுகுது, ஆனா அடி மண்ணை நடுவுல திறந்ததோட விட்டுர்றோம், அங்க மண்ணு லூசா கிடக்கு, போதாததுக்கு உள்ள தேங்கின தண்ணியையும் அது குடிச்சிருக்கும். காயறப்ப சுவர் முதல்ல சுருங்கி முடிஞ்சிருது, அடி கடைசியா சுருங்கப் பாக்குது, வழியில்லாம நடுவுல பிளந்துக்குது. அடியைத் திறந்த உடனே ஸ்பாஞ்சாலயோ ரிப்பாலயோ (வழிச்சு விடற பட்டை) வெளியில இருந்து நடுவுக்கும் நடுவுல இருந்து வெளியவும் ரெண்டு மூணு தடவை அமுத்தி ஓட்டணும், உள்ள இருக்கற தண்ணியை ஒத்தி எடுக்கணும், வாய் கொஞ்சம் இறுகினதும் கவுத்துப் போடணும். டிரிம் பண்றப்ப, அதாவது செதுக்கறப்ப, அடியை சுவரோட தடிமனுக்கே கொண்டு வந்துருங்க, தடியா விட்டா திரும்பவும் இதே கதைதான்.

வாய் ஓரத்துல ஆரம்பிச்சு கீழ இறங்கற கீறல், இல்ல பானை ஒரு பக்கமா சாயுது

கீறல் வாய்கிட்ட அகலமாவும் கீழ போகப்போக ஒடுங்கியும் இருந்தா வாய் அவசரமா காஞ்சிருக்குன்னு அர்த்தம். இதுக்கு நம்ம ஊர்ல ஒரே வில்லன், காத்து.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாம திறந்து கிடக்கற இடம் பாலக்காட்டு கணவாய். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்கால இருந்து அடிக்கற காத்து அது வழியாத்தான் உள்ள பூருது, மழையை மலைக்கு அந்தப் பக்கமே பெருசா கொட்டிட்டு நம்ம பக்கம் வெறும் காத்தா வந்து சேருது, உடுமலை பக்கம் அத்தனை காத்தாடி நிக்கறது சும்மாவா. கார்த்திகை பொறந்தா திசை மாறி கெழக்கால இருந்து வரண்ட காத்து, மலையாளத்துக்காரங்க விருச்சிகக் காத்துன்னு சொல்றது, அது தை மாசி வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா கால் இஞ்சு சுவரு கூட இல்லாத கப்பு எந்த மூலைக்கு.

ஜன்னலோரம் ரேக்ல வெச்ச பானையில காத்து படற பக்கம் முதல்ல காஞ்சு சுருங்கும், எதிர்ப்பக்கம் ஈரமா அப்படியே நிக்கும், பானை காஞ்ச பக்கமா இழுத்து சாயும், இழுக்க முடியலன்னா கீறும். உங்க ரேக்ல கீறினதை எல்லாம் எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சுப் பாருங்க, கீறல் எல்லாம் ஒரே திசையைப் பாத்து நின்னா கேள்வியே வேணாம்.

என்ன செய்யறதுன்னா, காயப் போடற ரூமுக்கு சீசன் பாத்து ஒரு பக்க ஜன்னலை மூடிருங்க, ஆடியில மேக்கு, மார்கழியில கெழக்கு. ஃபேன் வேண்டவே வேண்டாம். வனைஞ்சு முடிச்சதும் வாய் ஓரத்துல மட்டும் மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட்டை ரிப்பன் போல சுத்தி விட்டா வாயும் உடம்பும் ஒண்ணா காயும். பெரிய சாமானுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம், அடியில ஈரச்சாக்கு, மேல பானை, தினம் ஒரு தடவை திறந்து திருப்பி வெச்சு உள்ள வேர்த்திருக்கற தண்ணியைத் துடைச்சு விடணும், அந்தத் தண்ணி சொட்டு பானை மேல விழுந்தா அந்த இடம் குழியாயிரும். தோல் பதத்துக்கு (தோல் கணக்கா விறைச்சு, இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்கற பதம்) வந்ததும் மூடாக்கை கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். காயறப்ப வர்ற சுருக்கத்துல பெரும் பங்கு தோல் பதத்துக்கு கொஞ்சம் அப்பாலயே முடிஞ்சிரும், அதைத் தாண்டிட்டா காத்து பெருசா ஒண்ணும் பண்ணாது.

உங்க மண்ணு எவ்வளவு சுருங்குதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. ஈர மண்ணுல ஒரு பட்டை தட்டி 10 சென்டிமீட்டர் கோடு கிழிங்க, கிளேஸ் சூடு வரைக்கும் சுட்டு அளந்து பாருங்க, 8.8 வந்தா சுருக்கம் 12 சதவீதம். ஸ்டோன்வேர் மண்ணுக்கு (அதிக சூட்டுல கல்லாட்டம் இறுகற மண்ணு) இது சகஜம். அதுக்கு மேல நிறைய போனா மண்ணுல பசை ஜாஸ்தி, சுட்டுப் பொடிச்ச மண்ணு (குரோக்குன்னு கடையில கேளுங்க) கலந்து பிசைஞ்சா அடங்கும்.

பிளேட்டு ஓரம் தூக்கிக்குது

மொட்டை மாடியில காயப்போட்ட அப்பளம் ஏன் சுருளுதோ அதே காரணம்தான், மேல காஞ்சிருச்சு கீழ காயல. பிளேட்டை பிளைவுட் பலகை மேல வைக்காம ஜிப்சம் போர்டு மேல வைங்க, அது அடியில இருந்து தண்ணியை உறிஞ்சும். மேல இன்னொரு போர்டு போட்டு சாண்ட்விச் பண்ணி வெச்சா இன்னும் நல்லது. தகடு தட்டறப்பவும் ஒரே பக்கமா உருட்டாம திருப்பித் திருப்பி உருட்டுங்க. ஒரு தடவை வளைஞ்சதை கையால அமுத்தி நேராக்கினா காயறப்ப நேரா தெரியும், சூட்டுல திரும்ப வளையும், மண்ணு அதை மறக்காது.

கப்போட கைப்பிடி விட்டுக்குது

கப்பு ஒரு பதம், கைப்பிடி வேற பதம். ரெண்டும் ஒரே ஈரத்துல இருக்கறப்ப கீறி, ஸ்லிப் (குழைச்ச மண்ணு) தடவி, அமுத்தி ஒட்டி, ராத்திரி பூரா பிளாஸ்டிக்ல மூடி வைங்க. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

பிஸ்க்ல வெடிச்சு செல்ஃப் பூரா சில்லு

காத்துக் குமிழி இருந்ததால வெடிச்சுதுன்னு சொல்லுவாங்க. வெடிக்க வைக்கறது காத்து இல்ல, ஆவி. மண்ணுக்குள்ள தண்ணி மிச்சம் இருந்து 100 டிகிரி தாண்டி வேகமா ஏத்தினா அது ஆவியாகி வெளிய வர வழியில்லாம பிச்சுக்கிட்டு வருது. குமிழி இருந்தும் நல்லா காஞ்சிருந்தா பானைக்கு ஒண்ணும் ஆகாது. தடிமனான அடி, உள்ள குடைஞ்சு மூடின பொம்மை, இதெல்லாம்தான் அதிகமா மாட்டும். பொம்மைக்கு கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு ஊசி ஓட்டை போட்டு விட்டுருங்க.

ஜூன் ஜூலையில பாலக்காடு டவுன், கொல்லங்கோடு மலையடிவாரம் பக்கம் காத்துலயே ஈரம் நிக்கறதால மேல காஞ்சது போல வெளுத்துத் தெரியும், உள்ள காஞ்சிருக்காது. அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேணாம். எங்க பக்கத்து ஊர்ல பரம்பரையா பானை செய்யற ஒரு பெரியவர் பழக வர்ற பிள்ளைகளை சூளை அடுக்க விடறதுக்கு முன்னாடி இதைத்தான் கேப்பாரு.

“அம்மிணி, கன்னத்துல வெச்சுப் பாத்தியா?”

“பாத்தனுங்க ஐயா, சில்லுனு இருக்குதுங்க.”

“அப்ப உள்ள தண்ணி இருக்குது. இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும் உடு.”

சில்லுனு இருந்தா தண்ணி இன்னும் ஆவியாகிட்டு இருக்கு, ரூம் சூட்டுலயே இருந்தா காஞ்சிருச்சு. அதுக்கப்புறமும் 80, 90 டிகிரியில சில மணி நேரம் கில்னை நிறுத்தி வெச்சு, புகைபோக்கி ஓட்டையைத் திறந்தே விட்டு, ஒரு கண்ணாடித் துண்டை ஓட்டைக்கு நேரா காட்டிப் பாருங்க, கண்ணாடியில மூச்சு விட்டாப்ல பனி படிஞ்சா இன்னும் பொறுங்க. மண்ணோட மூலக்கூறுலயே கட்டிப்போட்ட தண்ணி இன்னொண்ணு இருக்கு, அது 450ல இருந்து 600 டிகிரிக்குள்ள போகும். 573 டிகிரியில மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் (படிகக் கல்) சட்டுனு விரியும். அந்த ரேஞ்சை நிதானமா கடந்துருங்க.

சுட்டு நாலஞ்சு நாள் கழிச்சு தானா தெறிக்குது, குழிக்குள்ள வெள்ளைப் புள்ளி

ஊர் மண்ணை எடுத்து செய்யறவங்களுக்கு இது பெரிய தலைவலி. பாலக்காடு ஜில்லாவுல கெழக்கு சித்தூர், இங்க பொள்ளாச்சி பக்கம் கரிசல் காட்டுல சுக்கான் கல் கலந்திருக்கும். அது சுண்ணாம்பு. சூளையில 800, 900 டிகிரி பக்கம் சுட்ட சுண்ணாம்பா மாறிருது, வெளிய வந்ததும் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து நீத்துப் போய் உப்புது, மேல இருக்கற மண்ணைத் தள்ளிட்டு வெளிய வருது. வாங்கிட்டுப் போனவங்க வீட்டு ஷோகேஸ்ல வெச்ச ஜாடி ஒரு மழைக்கால ராத்திரியில டொக்குனு தெறிச்சா பேயின்னு நினைச்சுக்கிட்டாலும் நினைச்சுக்குவாங்க.

காஞ்ச மண்ணு கட்டி மேல கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்க, அங்கங்க நுரைச்சு பொங்கினா சுண்ணாம்பு இருக்கு. பொடியா மண்ணோட மண்ணா கலந்திருந்தா பரவாயில்ல, குருணையா இருந்தாத்தான் ஆபத்து. மண்ணை வெயில்ல நல்லா காய வெச்சு தண்ணியில போட்டு கரைய விட்டு (ஈர மண்ணு கரையாது, காஞ்சதுதான் பொலபொலன்னு கரையும்) 60, 80 மெஷ் சல்லடையில வடிகட்டுங்க. ஏற்கனவே சுட்டு எடுத்ததுக்கு ஒரு வழி இருக்கு, சூளையில இருந்து ஆறி வந்ததும் தண்ணித் தொட்டியில முழுசா முக்கி ஊற வைக்கறது. செங்கலுக்கும் இதைப் பண்ணுவாங்க. சின்ன குருணைக்கு கேக்கும், பெருசுக்கு கேக்காது.

கேரளா பக்கம் 2008ல நெல்வயல் நீர்நிலச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் வயல் மண்ணு எடுக்கறதே லேசுப்பட்ட காரியம் இல்ல, அதனால கிடைச்ச மண்ணை வீணாக்காம வடிகட்டறது எப்படியும் நல்லதுதான். இன்னொண்ணு, ஊர் செம்மண்ணை கோன் 6 சூட்டுல வெச்சா கொப்புளிச்சு, சரிஞ்சு, சில சமயம் செல்ஃப்லயே உருகி ஒட்டிக்கும். அதுக்கு 1000, 1050தான் எல்லை.

பிஸ்க் ஆனதும் ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கு

போர் தண்ணி. அதுல இருக்கற உப்பு மண்ணோட கலந்து, காயறப்ப தண்ணியோட சேர்ந்து மேல வந்து, தண்ணி போனதும் அங்கயே தங்கிருது. எங்க வேகமா காயுதோ அங்க அதிகமா படியும், அதனால வாய் ஓரமும் காத்துப் பக்கமும்தான் வெள்ளையா இருக்கும். கைரேகை பட்ட இடம் மட்டும் தனியா தெரியறதும் இதனாலதான். மழைத் தண்ணி பிடிச்சு வெச்சு மண்ணு பிசையுங்க, இல்லன்னா வாய்க்கால் தண்ணியை தெளிய வெச்சு எடுங்க. பேரியம் கார்பனேட் போடச் சொல்லுவாங்க, போட்டா நிக்கும்தான், ஆனா அது எலி மருந்து, வீட்டுக்குள்ள குழந்தைகளோட ஸ்டுடியோ நடத்தறவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம்ங்கறது என் கருத்து.

கிளேஸ் உருண்டு ஒதுங்கி மண்ணு வெறுமையா தெரியுது

தூசி, எண்ணெய், இல்லன்னா கிளேஸ் தடிமன். நம்ம ஆளுங்க தலைக்கு தேங்காண்ணெய் வெச்சுட்டு முடியை ஒதுக்கின கையாலயே பிஸ்க் பானையை எடுப்போம், அந்த விரல் பட்ட இடத்துல கிளேஸ் ஒட்டாது, சுட்டு எடுத்தா நாலு விரல் அச்சு அப்படியே மொட்டையா நிக்கும். பிஸ்க்கை ஈர ஸ்பாஞ்சால துடைச்சு, காய விட்டு, அப்புறம் முக்குங்க. 100 மில்லி கிளேஸை எடை போட்டுப் பாருங்க, 140ல இருந்து 150 கிராமுக்குள்ள இருந்தா பெரும்பாலான கிளேஸுக்கு சரி. காஞ்சதும் சுடறதுக்கு முன்னாடியே வெடிப்பு வெடிப்பா தெரிஞ்சா கிளேஸ்ல களிமண்ணு ஜாஸ்தி, கழுவிட்டு திரும்ப போடுங்க, அப்படியே சுட்டா நிச்சயம் உருளும்.

ஊசிக்குத்து ஓட்டை

மண்ணுல இருந்து வாயு கடைசி வரைக்கும் வந்துட்டே இருந்திருக்கு, ஓட்டை மூடறதுக்குள்ள கிளேஸ் இறுகிருச்சு. பிஸ்க்கை 1000 டிகிரி வரைக்கும் கொண்டு போங்க, கிளேஸ் சூட்டுல உச்சத்துல 10, 15 நிமிஷம் நிறுத்தி வைங்க. முக்காவாசி போயிரும்.

கில்னைத் திறந்ததும் டிங் டிங்னு சத்தம், கிளேஸ்ல வலை வலையா கோடு

ஆறறப்ப கிளேஸ் மண்ணை விட அதிகமா சுருங்குது, அதனால அதுவே பிளந்துக்குது. அலங்கார ஜாடியில அழகுதான், விரும்பியே பண்றவங்க இருக்காங்க, சாப்பிடற தட்டுல வேண்டாம். கிளேஸ்ல சிலிக்காவை (கண்ணாடியாகற கல் பொடி) அஞ்சு சதவீதம் கூட்டிப் பாருங்க, ஃபெல்ஸ்பாரைக் (அதை உருக வைக்கற கல் பொடி) கொஞ்சம் குறைங்க. சில சாமான் அன்னிக்கு நல்லா இருந்து ரெண்டு மாசம் கழிச்சு வலை விடும், மண்ணு சரியா இறுகாம ஈரத்தை குடிச்சு உப்பறதால வர்றது அது.

இன்னொருத்தர் ரெசிபியை அப்படியே எடுத்துப் போடறப்பதான் இது ஜாஸ்தி. பாண்டிச்சேரியில 1971ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஸ்டோன்வேர் பழகினவங்க நம்ம பக்கம் நிறைய, ரெசிபியும் கை மாறி கை மாறி வருது. ஆனா கேஸ் கில்ன்ல கோன் 10க்கு அமைஞ்ச கிளேஸ் உங்க கரண்ட் கில்ன்ல கோன் 6ல, வேற மண்ணு மேல, அதே கதியில நடந்துக்கும்னு எதிர்பாக்கறது நியாயமில்ல. காப்பர் கிளேஸ் கேஸ் கில்ன்ல காத்தைக் குறைச்சு சுட்டா சிவப்பு, கரண்ட் கில்ன்ல பச்சை, அவ்வளவு வித்தியாசம் வரும்.

இதுக்கு நேர் எதிர், வாய் ஓரத்துலயும் கைப்பிடி விளிம்புலயும் கிளேஸ் சில்லு சில்லா உரிஞ்சு வர்றது. இது கண்ணாடிச் சில்லு, காப்பியோட வயித்துக்குள்ள போகும், அதனால சந்தேகம் இருந்தாக்கூட அந்த பேட்ச் கப்பை வெளிய குடுக்காதீங்க. இதுல சிலிக்காவை குறைச்சு ஃபெல்ஸ்பாரை கூட்டணும்.

பெரிய தட்டு ரெண்டா பிளந்திருக்கு, ஓரம் பிளேடாட்டம்

ஆசை தாங்காம 250 டிகிரியிலயே கதவைத் திறந்திருப்பீங்க. ஆறறப்ப 573லயும் 226 பக்கமும் மண்ணு சட்டுனு சுருங்கற இடம் இருக்கு, அங்க ஒரு பக்கம் மட்டும் குளுந்தா பிளக்கும். விருச்சிகக் காத்து அடிக்கற நாள்ல ஷெட்டுக் கதவையும் சாத்தி வைங்க. 100க்கு கீழ இறங்கினதும் திறங்க, கையில துணி இல்லாம எடுக்க முடிஞ்சாத்தான் எடுங்க.

பூ ஜாடியில தண்ணி ஊத்தினா மேஜை நனையுது

கிளேஸ் நல்லாத்தான் இருக்கு, மண்ணு இறுகல. கிளேஸ் போடாத ஒரு துண்டை அதே சூட்டுல சுட்டு எடை போடுங்க, தண்ணியில ரெண்டு மணி நேரம் கொதிக்க வெச்சு ராத்திரி ஊற விட்டு, துடைச்சுட்டு திரும்ப எடை போடுங்க. 400 கிராம் 412 ஆனா 3 சதவீதம் தண்ணி குடிக்குது. தண்ணி நிக்கற சாமானுக்கு இது ஜாஸ்தி. சூட்டை ஒரு கோன் ஏத்துங்க, இல்ல அந்தச் சூட்டுக்கு ஏத்த மண்ணு வாங்குங்க. ஜாடிக்குள்ள வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சு விக்கறவங்களும் இருக்காங்க, அது எனக்கு ஒப்பல.

1100க்கு மேல கில்ன் ஏறவே மாட்டேங்குது

கரண்ட் கில்ன்னா முதல்ல வோல்டேஜ் பாருங்க. பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்தபடி குறையும், அதனால 230 வர வேண்டிய இடத்துல 207 வந்தா வோல்டேஜ் பத்து சதவீதம்தான் குறைஞ்சுது, ஆனா பவர் 19 சதவீதம் போச்சு. 6 கிலோவாட் கில்ன் 4.9 கூட குடுக்காது, மேல போகப்போக சுவர் வழியா வெளிய போற சூடும் உள்ள வர்ற சூடும் சரிக்குச் சரியாகி முள்ளு அங்கயே நின்னுரும். தென்னந்தோப்புல எல்லாரும் மோட்டார் போடற நேரம் தெரியுமில்ல, அந்த நேரத்துல உச்சச் சூடு வராத அளவுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஆரம்பிங்க. வோல்டேஜ் சரியா இருந்தா காயிலைப் (சூடேத்தற கம்பிச் சுருள்) பாருங்க, பழசாக பழசாக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், பவர் இறங்கும். ஒரு காயில் மட்டும் சிவக்காம கருப்பா நின்னா அது அந்து போச்சு.

மீட்டர் 1220 காட்டியும் கிளேஸ் உருகாம சொரசொரன்னு இருந்தா மீட்டரை நம்பாதீங்க, மீட்டருக்கு சூடு அளந்து குடுக்கற கே டைப் தெர்மோகப்பிள் அதிக சூட்டுல கிடந்து கிடந்து தப்பா காட்ட ஆரம்பிச்சிரும். கில்ன்ல ஒவ்வொரு செல்ஃப்லயும் ஒரு கோன் வைங்க, அது சூட்டோட நேரத்தையும் சேத்துக் கணக்கு பண்ணி வளையும்.

கேஸ் கில்ன்ல அழுத்தம் இறங்கினா சிலிண்டரைத் தொட்டுப் பாருங்க, வெளிய ஐஸ் பிடிச்சிருக்கும். உள்ள திரவம் ஆவியாகற வேகத்தை விட நீங்க வேகமா இழுக்கறீங்க. ஒரே 19 கிலோ சிலிண்டரை வெச்சு இழுக்காம மூணு நாலை ஒண்ணா மேனிஃபோல்டுல (எல்லாத்தையும் ஒரே லைன்ல சேக்கற குழாய்) மாட்டுங்க. சுடுதண்ணி ஊத்தறது, பக்கத்துல அடுப்பு வைக்கறது, இந்த வித்தையெல்லாம் வேண்டவே வேண்டாம். அழுத்தம் இறங்கிட்டே இருந்தா பர்னரை மூடி, சிலிண்டரை மூடி, அன்னிக்கு சூட்டை அதோட விட்டுருங்க, பாதியில நின்ன கிளேஸ் பானையை அப்படியே மறுபடியும் அடுக்கி சுட்டுக்கலாம்.